முதல் நாள் முகம்

பாட்டுக்காரனோடு போனாளாம்! அந்தப் பாட்டுக்காரனை நேற்றுக்கூடக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் நாய். என் மருமகளை என்ன, சட்டைப் பையிலா வைத்திருந்தான்? எதிர்வீட்டுத் தையல்காரிதான் இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தாள்.

"கல்லு மாதிரி படுத்துக் கிடந்தவளுக்குக் கால் முளைச்சிருச்சு பாத்தீங்களா" என்றாள், என் முகத்துக்கு நேராகவே.

"அவ அவனோட போனதை நீ பாத்தியா?"

"ஊரே சொல்லுதே பெரியம்மா."

"ஊரு சொல்லட்டும். நான் பாத்தேன். தனியாத்தான் போனா."

"பெத்த புள்ளையப் பறிகொடுத்தவங்க நீங்க. நீங்களே அவளுக்குப் பரிஞ்சு பேசுறீங்க. என்ன மருந்து வச்சா உங்களுக்கு?"

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. நடந்தது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு எழுத வராது, பேச வரும். அதனால் பேசுகிறேன்.

அவள் என் மூத்த மகனின் மனைவி. தெருவில் அவளுக்குப் பெயர் ‘பிணம்’. கெட்ட எண்ணத்தில் வைத்த பெயர் இல்லை. பால் ஊற்றுகிறவர் பால்காரர், தைக்கிறவள் தையல்காரி, பிணமாகப் படுக்கிறவள் பிணம். காய்கறிக் கடைக்காரர், "பிணத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு கத்திரிக்காய்?" என்பார். "வீட்டுல உசுரோட மூணு பேரு இருக்காங்களே அண்ணே" என்பாள் அவள். அந்த மூன்று பேர் நானும் என் இரண்டு பையன்களும்.

நகரத்துப் பெரிய நாடக அரங்கில்தான் வேலை. அங்கே ஓபரா போடுவார்கள். ஓபராவில் பேச்சே கிடையாது. சண்டை வந்தாலும் பாட்டு, தாகம் எடுத்தாலும் பாட்டு, விஷம் குடித்தாலும் குடித்த பிறகு கால் மணி நேரம் பாட்டு. இவள் முதலில் அங்கே உடைகளுக்கு இஸ்திரி போடத்தான் போனாள். அப்போது ஒரு நீதிபதியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. தன் மகள் என்று தெரியாமல் ஒருத்திக்குத் தண்டனை கொடுத்துவிடுவான். அவள் செத்த பிறகு யார் என்று தெரியும். பிணத்தை நான்கு பேர் பாடையில் தூக்கிவந்து உயரமான படிக்கட்டில் ஏற்ற, அவன் கூடவே அழுது பாடிக்கொண்டு போவான். மகளாகப் பாடுகிற அம்மா நல்ல சரீரம். ஒரு தடவை மூன்றாவது படியில் தூக்கிகளில் ஒருவனுடைய முதுகு பிடித்துக்கொண்டது. பாடை சரிந்து, செத்த மகள் "ஐயோ, விட்டுறாதீங்கடா" என்று கத்திவிட்டாள். மறுநாளே மேலாளர் ஒல்லியாக ஒரு ஆள் தேடினார். கண்ணில் பட்டவள் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற இவள்.

சும்மா படுக்கிற வேலைதானே என்று நானும்தான் கேலி செய்தேன். இருமக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது, தொண்டை ஏறி இறங்குவது விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசை வரைக்கும் தெரியுமாம். மார்பால் மூச்சு விடக்கூடாது. அடிவயிற்றால் விடவேண்டும், அதை மறைக்கத்தான் வயிற்றின் மேல் துணிப் பூக்களைக் குவித்து வைப்பார்கள். வீட்டில் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பழகுவாள். என் மகன் மூக்குக்கு நேரே பஞ்சைப் பிடித்துப் பார்ப்பான். "அம்மா, ஆடலம்மா! உன் மருமக நிஜமாவே போயிட்டா, எனக்கு வேற பொண்ணு பாரு" என்பான். அவள் கண்ணைத் திறக்காமலே காலால் ஒரு உதை விடுவாள்.

அந்த மேடைக்காரர்களிடம் ஒரு வழக்கம். பிணத்தைச் சிரிக்க வைப்பது. நீதிபதியாகப் பாடுகிற பெரிய பாட்டுக்காரன் நடுவில் ஒரு இடத்தில் மகளின் மேல் கவிழ்ந்து அழவேண்டும். அந்த இடத்தில் அவனுக்குப் பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும்தான். அவனுடைய பொய் முடி இரண்டு பேர் முகத்தையும் மறைத்துவிடும். அந்த நேரத்தில் காதில் ஏதாவது கிசுகிசுப்பான். வாத்தியக் கோஷ்டித் தலைவரின் கால்சட்டை கிழிந்திருக்கிறது என்பான். முன்வரிசையில் ஒருவர் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்திருக்கிறார் என்பான். எத்தனையோ பிணங்கள் அவனிடம் தோற்றிருக்கின்றனவாம். இவள் தோற்றதே இல்லை. தூக்கிகள் நான்கு பேரும் அவன் கட்சி. தூக்கும்போதே முணுமுணுப்பார்கள், "என்ன தாயி, மத்தியானம் சோறு ரெண்டு தட்டா?" என்று. இவள் ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். என் மகனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். எங்கள் சாப்பாட்டு வேளை அப்படித்தான் போகும்.

அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. தாய் தகப்பன் முகம் தெரியாமல் விடுதியில் வளர்ந்தவள். எங்கள் வீடுதான் அவளுக்கு வீடு. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அந்த நீதிபதி கதையைச் சினிமாவாக எடுக்க ஒரு கூட்டம் வந்தது. தனியாக எடுப்பதில்லை. மேடையில் நடக்கும்போதே, ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும்போதே, கேமராக்களைச் சுற்றி வைத்து எடுப்பது. அப்படி எடுத்ததை ஊர் ஊராகச் சினிமாக் கொட்டகையில் காட்டுவார்களாம். ஒரு நாளில் தும்மல், தவறு ஏதாவது வந்துவிட்டால்? அதற்காக இரண்டு நாள் மதியக் காட்சியை எடுத்து, எது நன்றாக இருக்கிறதோ அதை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு நாளும் ஒரே முடி, ஒரே பவுடர்ப் பூச்சு, ஒரே பூக்குவியல். பூ இருந்த இடம்கூட மாறாமல் இருக்கப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அடுக்கினார்கள். வழக்கமாக இவள் முகத்தின் மேல் ஒரு மெல்லிய துணி இருக்கும். படமெடுக்கிறவர் அதை எடுத்துவிடச் சொன்னார். "இந்தப் பொண்ணு செத்தாப்பலயே இருக்கு, எதுக்கு மூடுறீங்க?" என்றாராம். மேக்கப்காரம்மா மூக்கையும் புருவத்தையும் பாடுகிற அம்மாளைப் போலவே திருத்திவிட்டாள்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீட்டுக்கு வந்து, "கேமரா என் மூக்குமேலயே வந்து உக்காந்துருச்சு" என்றாள். "பஞ்சு ஆடுச்சா?" என்றான் என் மகன். "ஆடல" என்றாள். அன்றைக்கும் சிரித்தோம்.

இரண்டாம் நாள் மதியம் அவன் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஆறு மாடிக் கட்டடம், மேலே கதவு திறந்திருக்கிறது, பெட்டி வரவில்லை. இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

சின்னவன் நாடக அரங்குக்குப் போன் செய்தான். மேடை மேலாளர்தான் எடுத்தார். அப்போது கடைசிக் காட்சிக்குப் பாடையில் பூ அடுக்கிக்கொண்டிருந்தார்கள், இவள் படுத்தாகிவிட்டது. மேலாளர் யோசித்தார். காட்சி முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். பின்னால் நான் கேட்டதற்கு, "படம் புடிக்கிற அன்னைக்கு எப்படிம்மா நிறுத்துறது?" என்றார், தண்ணீர்க் குழாய் ரிப்பேரைப் பற்றிச் சொல்வதுபோல. ஆனால் அவர் அருகில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். தூக்கிகளுக்குத் தெரியும். பாட்டுக்காரனுக்கும் தெரியும். திரை ஓரத்தில் பவுடர் டப்பாவோடு நின்ற மேக்கப்காரம்மா தன் காதால் கேட்டாள். பாட்டுக்காரன் மேலாளரிடம் சொல்கிறான்: "இத்தனை வருஷமா அசையாத பொணம். இன்னைக்கு அசைஞ்சா நான் ஜெயிச்சேன்."

மனுஷன் விளையாட்டுக்குச் சொன்னானா, பயத்தில் உளறினானா, எனக்குத் தெரியாது. ஆனால் போய்ச் செய்தான். மகளின் மேல் கவிழ்ந்தான். வாத்தியம் அழுதது. அவள் காதில், "உன் புருஷன் செத்துட்டானாம். இப்ப எப்படிப் படுத்திருக்கேன்னு பாக்கறேன்" என்றான்.

அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? வழக்கம் போல இதுவும் விளையாட்டு என்று நினைத்தாள். என்னிடம் அவளே சொன்னாள்: "இதுவரைக்கும் சொன்னதுலயே கேவலமான ஜோக்குன்னு நெனச்சேன் அத்தை. முடியட்டும், போய்க் கன்னத்துல அறையணும்னு நெனச்சேன். அதுக்காகவே அசையல." வேறு எந்த வேலையில் இப்படி ஒரு தவறு நடக்கும்? சாவுச் செய்தியைச் சொன்னால் வேறு எந்தப் பெண் ஜோக் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்?

பிறகு பாடையைத் தூக்கினார்கள். நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. ‘ரெண்டு தட்டா’ இல்லை, ‘கனக்குது’ இல்லை. முதல் படி, அடுத்த படி, ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஒருவன் மட்டும் மூக்கை உறிஞ்சினான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எழுந்திருக்கலாமே என்கிறது தெரு. ஆள் உயரத்துக்கு மேலே, படிக்கட்டின் நடுவில், நான்கு தோள்களின் மேல் இருக்கிற பலகையிலிருந்து எங்கே எழுந்திருப்பது? நீங்கள் ஒரு நாள் ஏறிப் படுத்துப் பாருங்கள். அவள் படுத்திருந்தாள். இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு வந்தது, பவுடரைக் கிழித்துக்கொண்டு காது வரைக்கும் போனது. அவ்வளவுதான் அவள் செய்தது.

காட்சி முடிந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். வெள்ளை வெளேரென்ற முகம், கறுத்த உதடு, சவத்துணி மாதிரி ஒரு அங்கி. பிணவறைக் காவலாளி அவளைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனான். "இது எங்கேருந்து எந்திரிச்சு வருது?" என்றான். அருகில் நின்ற ஒருவன் சிரித்தான். அவள் என் மகன் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். எடுத்தபோது அவன் கன்னத்திலும் வெள்ளை ஒட்டியிருந்தது. நான்தான் முந்தானையால் துடைத்தேன்.

சின்னவன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். "அண்ணி, போன் பண்ணி எவ்வளவு நேரம் ஆச்சு? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தூக்குறப்பவே தெரியும்" என்றாள்.

உள்ளதைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த வீட்டில் இருந்திருப்பாள்.

"தெரிஞ்சும் படுத்துக்கிட்டு இருந்தியா?" என்றான். அதுவரைக்கும் அவளை ‘நீங்க’ என்றுதான் பேசுவான்.

அந்த ஒரு வார்த்தை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எங்கள் தெருவுக்கு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. புருஷன் செத்தது தெரிந்தும் கூலிக்குப் படுத்திருந்தவள். பாட்டுக்காரன் காதில் சொன்ன கதையும் அரங்கு ஆட்கள் வழியாகப் பின்னாலேயே வந்தது. அவனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அவள் அழவில்லை. தெருவே அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாடக அரங்கிலிருந்து மலர் வளையம் வந்தது. தொட்டுப் பார்த்தேன், துணிப் பூ. அவள் வயிற்றின் மேல் குவிப்பார்களே, அதே பூ. கூடவே, இனிமேல் அவள் வரவேண்டாம் என்ற செய்தியும் வந்தது. மெழுகில் ஒரு பொம்மை செய்யச் சொல்லிவிட்டார்களாம். பொம்மைக்கு வீட்டிலிருந்து போன் வராது பாருங்கள்.

சின்னவன் ஒரே பிடியாக நின்றான். "அவ இந்த வீட்டுல இருக்கக்கூடாதும்மா. அவளைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கல."

"இறங்கலன்னா எந்திரிச்சுப் போ. வீடு என் பேர்ல இருக்கு. அவ இங்கதான் இருப்பா."

"அண்ணன் உன் புள்ள இல்லையா?"

"இவ யாருடா, வாடகைக்கு வந்தவளா?"

இப்படித் தினமும் ஒரு சண்டை. அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள்.

கொஞ்ச நாளில் படம் எங்கள் தெருக்கோடிக் கொட்டகைக்கே வந்தது. ஓபரா என்றால் கதவைச் சாத்திக்கொள்கிற ஜனம், அன்றைக்குக் குடும்பம் குடும்பமாகப் போனது. ‘நம்ம பிணம்’ நடித்த படமாயிற்றே. நானும் போனேன், சின்னவனும் வந்தான். அவள் வரவில்லை. முன்பாதி முழுக்கப் பாதிப் பேர் தூங்கினார்கள். கடைசிக் காட்சியில் எழுப்பிவிட்டார்கள். பாட்டுக்காரன் கவிழ்ந்தான், நிமிர்ந்தான். அவள் முகம் சுவர் அளவுக்கு வந்தது. மை தீட்டின இமை, கறுத்த உதடு, ஒரு மயிர் அசையவில்லை. பாடை மேலே போகப் போக முகம் கூடவே போனது. சுத்தமாக, காய்ந்து, அழகாக.

"பாத்தீங்களா!" என்றாள் தையல்காரி, இருட்டில். "இப்பதான் காதுல சொல்றான். கண்ணு கலங்குதா பாருங்க!"

"சீ, இதெல்லாம் ஒரு பொம்பளையா" என்றது பின்வரிசை.

யாரோ திரையைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். சின்னவன் எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாள் காலையில் எங்கள் வாசல் கதவில் கரியால் ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைத்தாள், என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை.

விஷயத்தை உடைத்தது மேக்கப்காரம்மாதான். துக்கம் கேட்க வந்தவள், கொட்டகையில் நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அது ரெண்டாவது நாள் முகமே இல்லம்மா! முதல் நாள் எடுத்தது. அன்னைக்கு உங்க பையன் உசுரோட இருந்தாரு. ரெண்டாவது நாளுதான் கண்ணீர் வந்து பவுடர் கோடு விழுந்துபோச்சே. செத்தவ அழலாமா? அதை வெட்டி எறிஞ்சுட்டு முதல் நாளை ஒட்டிட்டாங்க."

புருஷன் உயிரோடு இருந்தபோது எடுத்த முகத்தைப் பார்த்து, புருஷனுக்கு அழாதவள் என்று தெரு காறித் துப்பியிருக்கிறது. நான் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். யார் நம்பினார்கள்? "மாமியார் நல்லாக் கதை கட்டுறாங்க, இவங்களையும் மேடையில ஏத்தலாம்" என்றாள் தையல்காரி. சின்னவனும் நம்பவில்லை. "அந்தக் கண்ணீரைக் காட்டு, நம்பறேன். காட்டலன்னா மாசக் கடைசிக்குள்ள அவ போகணும், இல்லன்னா நான் போறேன். ஒரு புள்ளை போயாச்சு உனக்கு, யோசிச்சுக்கோ" என்றான்.

"நான் போய் அந்த வெட்டின துண்டைக் கொண்டாரேன்" என்றேன் அவளிடம்.

"வேண்டாம் அத்தை."

"ஏன்டி வேண்டாம்? அதைக் காட்டினா நீ இங்க இருக்கலாம்."

"அது அவருக்கு வந்தது. அது ஒண்ணாவது யாரும் பாக்காம இருக்கட்டும்."

"அவன் என் புள்ளையும்தான்" என்றேன். நான் போனேன். இன்றைக்கும் போவேன். கண்ணெதிரே ஒரு பெண்ணை அநியாயமாகக் கல்லாக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது.

படம் வெட்டி ஒட்டுகிறவர் ஒரு சின்ன அறையில் இருந்தார். ஜன்னல் கிடையாது. முதலில் முடியாது என்றார். நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்தேன், டீ வாங்கிக்கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். கடைசியில், "இந்தாங்கம்மா, போய்த் தொலைங்க" என்று என் போனில் போட்டுக்கொடுத்தார். வழியிலேயே நான் பார்த்தேன். பாட்டுக்காரன் நிமிர்கிறான். பாடை எழும்புகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தச் சொட்டு.

முதலில் சின்னவனுக்குக் காட்டினேன். போனைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அடுப்படி வாசலில் போய் நின்று, "அண்ணி, என்னை மன்னிச்சிருங்க. நீங்க எங்கயும் போகக்கூடாது" என்றான். அவள் தலையை ஆட்டினாள். பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு தெருவுக்குக் காட்டினேன். காய்கறிக் கடைக்காரர் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர். சாயந்திரத்துக்குள் எல்லார் கையிலும் இருந்தது. பேச்சு திரும்பியது, ஆனால் எப்படித் திரும்பியது என்கிறீர்கள்? "கிளிசரின் போட்டிருப்பாங்க" என்றது ஒரு கூட்டம். "ஒரு சொட்டுதானா?" என்றது இன்னொன்று. சாவி செய்கிறவர் முகத்தைப் பெரிதாக்கி, கோடு காது வரைக்கும் போகிறதா கன்னத்திலேயே நிற்கிறதா என்று மச்சானோடு வாதம் செய்தார். பிள்ளைகள் தெருவில் பலகை தூக்கி விளையாடினார்கள். மேலே படுத்த பிள்ளை இடது கண்ணில் எச்சில் தடவிக்கொண்டது.

மறுநாள் பெண்கள் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மனம் மாறி வந்திருக்கிறார்கள் என்று நான் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். தையல்காரிதான் முன்னால். "பெரியம்மா, உங்க போன்ல நல்லாத் தெரியுதாமே, போடுங்க" என்றாள். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் போட்டேன். மருமகள் டீ கொண்டுவந்தாள்.

"உக்காரும்மா, நீயும் பாரு. உன்னைத்தானே பாக்குறோம்" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைத்தாள். அதுவரைக்கும் அவள் அதைப் பார்த்ததில்லை.

"இப்பதான் குனியறான். என்ன சொன்னான் அப்ப? நீயே சொல்லேன்" என்றாள் தையல்காரி. மருமகள் டீத் தட்டை நேராக்கி வைத்தாள். "சரி விடு. இப்ப தூக்குறாங்க. இந்தா வருது பாரு, வருது பாரு... வந்துருச்சு!"

எல்லாரும் ‘ச்சு’ கொட்டினார்கள். ஒருத்தி உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள் மற்றொருத்தி.

அவள் என்னைப் பார்த்தாள். "இதை எல்லாரும் பாத்துட்டாங்களா அத்தை?"

"தெருவே பாத்துருச்சும்மா. இனிமே ஒருத்தரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கி, தட்டை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். கையில் பையில்லை, தலை வாரியிருக்கவில்லை. கடைக்குப் போகிறாள் என்று நினைத்து, "எங்கம்மா?" என்றேன். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. "பாருங்க அத்தை, நீங்க பாருங்க" என்றாள். கதவைத் திறந்துகொண்டு, தெருவில் இறங்கி, வலது பக்கமாகத் தனியாக நடந்து போனாள்.

அறையில் ஒருத்தரும் திரும்பவில்லை. தையல்காரி போனை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து, "மறுபடியும் முதல்லேருந்து போடுங்க பெரியம்மா" என்றாள்.